வேட்டிக்குள் மறையும் வயிறு: கிராமத்தில் இருப்பவர்களுக்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம் பற்றி ஒரு முழுமையான வழிகாட்டி

பேன்ட் போடுகிறவருக்கு இடுப்பு பெருத்தால் அடுத்த பொங்கலுக்குள் தெரிந்துவிடும், பொத்தான் மாட்டாது. வேட்டியிலும் கைலியிலும் அது தெரியாது. எவ்வளவு வயிறு வந்தாலும் கொஞ்சம் இறக்கிக் கட்டிக்கொள்ளலாம். சேலையும் நைட்டியும் அப்படித்தான். திருவாரூர் பக்கம் எங்கள் ஊரில் என் பெரியப்பா இருபது வருடமாக ஒரே இடுப்பளவில் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தார். போன வருடம் சித்தியின் தையல் டேப்பை வாங்கி அளந்தேன். 98 சென்டிமீட்டர். "டேப்பு தப்பா இருக்கும், திருப்பி எடுடா" என்றார். மூன்று முறை எடுத்தும் 98தான்.

அப்புறம் அவர் கேட்ட கேள்வியால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். "வயல்ல நிக்கிறவனுக்கு சுகரும் கொழுப்பும் எப்படிடா வரும்? அதெல்லாம் ஏ.சி.யில உட்கார்றவங்க வியாதி."

அவர் வயலில் நிற்பது உண்மைதான். ஆனால் அவருடைய அப்பா வயலில் என்ன செய்தார் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாட்டுக் கலப்பை ஒரு சாலில் ஒரு சாண் அகலம் கிழிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். அதை ஒரு தடவை உழுது முடிக்க மாட்டுக்குப் பின்னால் சுமார் 18 கிலோமீட்டர் நடக்க வேண்டும், அதுவும் சேற்றில். இன்று டிராக்டர் வருகிறது, பெரியப்பா வரப்பில் நின்று கை காட்டுகிறார். அறுவடைக்கு இயந்திரம் வருகிறது. வயலுக்குப் போக பைக். குழாய் வாசலிலேயே இருப்பதால் பெரியம்மாவும் குடம் தூக்குவதில்லை. ஆட்டுக்கல் கொல்லையில் கவிழ்ந்து கிடக்கிறது. உழைப்பு இவ்வளவு குறைந்திருக்கிறது. ஆனால் தட்டில் விழுகிற சோறு மட்டும் ஏர் பிடித்த காலத்து அளவிலேயே நிற்கிறது. கிராமத்தில் இந்தக் கோளாறு பெருகுவதற்கு நான் பார்த்த முதல் காரணம் இதுதான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐ.சி.எம்.ஆர்.–இண்டியாப் ஆய்வு நாடு முழுக்க ஒரு லட்சத்து 13 ஆயிரம் பேரைப் பரிசோதித்தது. அவர்களில் பெரும்பகுதி கிராமத்து மக்கள். 2023இல் வந்த முடிவுப்படி சர்க்கரை நோய் நகரத்தில் 16.4 சதவீதம், கிராமத்தில் 8.9 சதவீதம். இதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் நகரத்துக்கும் கிராமத்துக்கும் வித்தியாசமே இல்லை. இரண்டிலும் சுமார் 15 சதவீதம். அதாவது கிராமமும் அதே வரிசையில்தான் நிற்கிறது, சற்றுப் பின்னால்.

இது என்ன கோளாறு?

மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்பது தனி வியாதி அல்ல, ஒரு கூட்டணி. ஐந்து விஷயங்களில் மூன்று ஒருவரிடம் சேர்ந்திருந்தால் அந்தப் பெயர். நம் மக்களுக்கான அளவுகள் இவை:

இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ. அல்லது மேல், பெண்ணுக்கு 80 செ.மீ. அல்லது மேல்.
ரத்த அழுத்தம் 130/85 அல்லது மேல். மேல் எண், கீழ் எண் இரண்டில் ஒன்று தாண்டினாலே போதும்.
வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது மேல்.
டிரைகிளிசரைடு எனும் கொழுப்பு 150 அல்லது மேல்.
எச்.டி.எல். எனும் நல்ல கொழுப்பு ஆணுக்கு 40க்குக் கீழ், பெண்ணுக்கு 50க்குக் கீழ்.

பி.பி.க்கோ சுகருக்கோ ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவருக்கு, அளவு இப்போது சரியாக இருந்தாலும் அந்த ஒன்று கணக்கில் சேரும்.

இந்த ஐந்தும் ஏன் கூட்டாக வருகின்றன? வயிற்றுக்குள், குடலையும் ஈரலையும் சுற்றிச் சேர்கிற கொழுப்பு கை கால் கொழுப்பு போலச் சும்மா கிடப்பதில்லை. ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் சுரப்பான இன்சுலினின் பேச்சை உடம்பு கேட்காதபடி அது செய்துவிடுகிறது. அதனால் ஈரல் தேவையில்லாத நேரத்திலும் சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது, டிரைகிளிசரைடைத் தயாரித்துத் தள்ளுகிறது. நல்ல கொழுப்பு குறைகிறது. ஈடுகட்டக் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரக்க, சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு அழுத்தத்தை ஏற்றுகிறது. வேர் ஒன்று, கிளை ஐந்து. அமெரிக்க மருத்துவர் ஜெரால்ட் ரீவன் 1988இல் இந்தத் தொடர்பை எடுத்துச் சொல்லி 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்று பெயர் வைத்தார். இந்தக் கூட்டணி இருப்பவருக்கு இதய நோய், பக்கவாத ஆபத்து சுமார் இரண்டு மடங்கு. சர்க்கரை நோய் வரும் ஆபத்து சுமார் ஐந்து மடங்கு.

"நான் ஒல்லிதானே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2004இல் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் தங்களையே ஒப்பிட்டு லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒரே 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு ஒருவருக்கு 9.1 சதவீதம், மற்றவருக்கு 21.2. அதிகம் இருந்தது நம் ஊர் மருத்துவருக்குத்தான். கை கால் குச்சியாக, வயிறு மட்டும் பானையாக இருக்கும் உடம்பு நமக்கு வாய்த்தது. அதனால் எடை மெஷினைவிட டேப்பை நம்புங்கள்.

முதல் வேலை: டேப்

தையல் டேப் போதும். வேட்டி முடிச்சு இருக்கும் இடத்தில் அளக்காதீர்கள். அது எப்போதும் தொப்பைக்குக் கீழேதான் இருக்கும், அளவு குறைத்துக் காட்டும். நேராக நின்று, விலாவில் கடைசி எலும்பின் கீழ் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். பிறகு இடுப்பெலும்பின் மேல் விளிம்பு. இரண்டுக்கும் நடுவில் டேப்பைத் துணியில்லாமல் தோல் மேல் சுற்றுங்கள். முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று இன்னொருவர் பார்க்க வேண்டும். சாதாரணமாக மூச்சை விட்டு முடித்த நொடியில் படியுங்கள். வயிற்றை எக்கினால் ஏமாறுவது நாம்தான். அங்குலம் மட்டும் உள்ள டேப் என்றால் ஆணுக்கு 35 அரை, பெண்ணுக்கு 31 அரை என்று வைத்துக்கொள்ளலாம்.

அளக்கும்போதே கழுத்தையும் பாருங்கள். பின்கழுத்து, அக்குள் ஓரம் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருந்தால் அது அழுக்கு அல்ல. பெரியம்மா பெரியப்பாவின் கழுத்தைப் பீர்க்கங்காய் நாரால் வாரா வாரம் தேய்த்துக்கொண்டிருந்தார். உடம்பில் இன்சுலின் கூடிவிட்டது என்பதற்குத் தோல் காட்டும் அடையாளம் அது. தேய்த்தால் தோல்தான் எரியும்.

இரண்டாவது: நான்கு கேள்விகள்

சென்னை மருத்துவர் வி.மோகன் குழுவினர் 2005இல் உருவாக்கிய இந்திய சர்க்கரை நோய் ஆபத்து மதிப்பெண்ணுக்கு ஊசியோ ரத்தமோ தேவையில்லை. வயது 35க்குக் கீழ் என்றால் 0, 35 முதல் 49 வரை 20, 50 அல்லது மேல் 30. இடுப்பு, ஆணுக்கு 90க்குக் கீழ் 0, 90 முதல் 99 வரை 10, 100 அல்லது மேல் 20. பெண்ணுக்கு இதே மதிப்பெண்கள் 80, 90 என்ற எல்லைகளில். அப்பா அம்மாவில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. உழைப்போ உடற்பயிற்சியோ இல்லாமல் உட்கார்ந்தே இருந்தால் 30. கடும் உழைப்பும் உடற்பயிற்சியும் சேர்ந்து இருந்தால் 0. மொத்தம் 60 அல்லது மேல் என்றால் ஆபத்து அதிகம், இந்த வாரமே ரத்தம் பாருங்கள்.

உழைப்புக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வதுதான் கஷ்டம். "விவசாயி" என்று சொல்லிவிட்டு 0 போட்டுக்கொள்ளக் கூடாது. நேற்று எத்தனை மணி நேரம் மூச்சு வாங்க வேலை செய்தீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: ரத்தமும் அழுத்தமும்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் சுகரும் பி.பி.யும் இலவசமாகப் பார்க்கிறார்கள். கொழுப்புப் பரிசோதனை எல்லா இடத்திலும் இருக்காது. வட்டார சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ கேளுங்கள். முந்தின இரவு எட்டரை மணிக்குள் சாப்பிட்டுவிட்டு, காலையில் தண்ணீர் தவிர வேறெதுவும் வாயில் போடாமல் போக வேண்டும். டீயும் வேண்டாம், வெற்றிலையும் வேண்டாம். இரவு குடித்துவிட்டுப் போனால் டிரைகிளிசரைடு எகிறிக் காட்டும்.

வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 முதல் 125 வரை என்றால் முந்தைய நிலை. 126 அல்லது மேல் என்றால் இன்னொரு நாள் திரும்பப் பார்த்து, அதிலும் அப்படியே வந்தால் சர்க்கரை நோய். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி எடுத்திருந்தால் 5.7 முதல் 6.4 வரை முந்தைய நிலை, 6.5 முதல் நோய்.

பி.பி. பார்க்கும்போது நடக்கும் தவறுகள் ஏராளம். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த ஆளை வந்தவுடன் உட்கார வைத்துப் பட்டையைக் கட்டுகிறார்கள். ஒருமுறை எனக்கே அப்படி 150 காட்டியது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் 126. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள். கால் தரையில் படட்டும், கை நெஞ்சு மட்டத்தில் மேசை மேல் இருக்கட்டும். அளக்கும்போது பேசக் கூடாது. அரை மணிக்குள் டீயோ பீடியோ கூடாது. இரண்டு தடவை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை.

கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்த பெண்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். பிரசவத்தோடு அது போய்விட்டதென்று விட்டுவிடாதீர்கள். பிள்ளைக்குப் பத்து வயது ஆனாலும் வருடம் ஒரு தடவை ரத்தம் பார்க்க வேண்டியவர்கள் நீங்கள். மாதவிலக்கு நின்ற பிறகு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்வதும் கூடும். அந்த வயதில் நம் பெண்கள் தங்களைக் கவனிப்பதை மொத்தமாக நிறுத்திவிடுகிறார்கள்.

நான்காவது: தட்டு

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். பெரியப்பாவின் மத்தியான சோற்றை ஒருநாள் மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசில் வைத்து எடை போட்டேன். குழம்பு ஊற்றும் முன் வெறும் சோறு மட்டும் 620 கிராம். அதாவது சுமார் 800 கலோரி, மாவுச்சத்து மட்டும் 170 கிராமுக்கு மேல். ஓரமாக இரண்டு ஸ்பூன் உருளைக்கிழங்கு வறுவல், அதுவும் மாவுச்சத்து. புரதம் என்று பார்த்தால் சாம்பாரில் கரைந்த பருப்பு கொஞ்சம். நாட்டு மக்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாக அதே இண்டியாப் ஆய்வு சொல்கிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தானியத்துக்கு விட்ட இடம் 45 சதவீதம்.

சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை. டெல்டாக்காரனிடம் அப்படிச் சொன்னால் அடுத்த வார்த்தையை அவன் காதில் வாங்க மாட்டான். நாங்கள் செய்தது வேறு. வாரம் ஒரு கரண்டி குறைத்தோம், அந்த இடத்தில் ஒரு கரண்டி பொரியலோ சுண்டலோ வைத்தோம். நான்காவது வாரம் தட்டில் பாதி காய், கால் சோறு, கால் பருப்பு அல்லது மீன் அல்லது முட்டை என்று வந்து நின்றது. கரண்டி கணக்கு ஏன் என்றால், கிராம் கணக்கு அடுப்படியில் ஓடாது.

இன்னொன்று, வரிசை. முதலில் பொரியலையும் பருப்பையும் பாதி சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றுக்குப் போனால் அதே சாப்பாட்டுக்குச் சர்க்கரை மெதுவாக ஏறும். செலவில்லாத வழி.

காய்க்குக் காசு எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சந்தையில் பீன்ஸும் கேரட்டும் வாங்க வேண்டியதில்லை. முருங்கைக்கீரை வேலியில் இருக்கிறது. வாழைத்தண்டும் வாழைப்பூவும் கொல்லையில் இருக்கின்றன. பொன்னாங்கண்ணி வரப்போரம் முளைக்கிறது. மருந்து அடித்த வயல் பக்கம் மட்டும் பறிக்காதீர்கள். எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. தை, மாசியில் நெல் அறுத்த வயலில் எங்கள் ஊர் முழுக்க உளுந்தும் பச்சைப்பயறும் விளைகின்றன. மூட்டை மூட்டையாக வியாபாரிக்குப் போகின்றன. விற்ற வீட்டில் மாலை நேரத்துக்குப் பேக்கரி பன்னும் ஜாம் பிஸ்கட்டும். பத்து மரக்கால் பயறை வீட்டுக்கென்று எடுத்து வைத்தால் பல மாதத்துக்குச் சுண்டல் ஓடும். ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குத் தரும் துவரம்பருப்பையும் விடாமல் வாங்குங்கள்.

எண்ணெய். ரேஷன் பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்பதால் கை தாராளமாகிறது. பாமாயில் விஷம் என்று பயமுறுத்துவது எனக்குப் பிடிக்காது. அளவுதான் பிரச்சினை, செக்கு எண்ணெய்க்கும் அதே கலோரி. ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று வைத்து, நாலு பேர் வீட்டுக்கு இரண்டு லிட்டரைத் தனிப் பாட்டிலில் ஊற்றிவிடுங்கள். தீர்ந்தால் அந்த மாதம் வடை இல்லை. பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள்.

டீ. வேலைக்கு நடுவில் நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சீனி என்றால் நாளுக்கு 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் சர்க்கரைதான். நிறம் வேறு, வேலை ஒன்று. கேழ்வரகும் கம்பும் நல்ல தானியம், நார்ச்சத்தும் தாதுச்சத்தும் உண்டு, ஆனால் மாவாகக் கரைத்துப் பெரிய சொம்பில் கஞ்சியாகக் குடித்தால் அதுவும் சீக்கிரம் சர்க்கரையாகிவிடும். "ராகிதானே" என்று அளவில்லாமல் குடிக்கக் கூடாது.

உப்பு ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது சமையலில் போடுவதும் சேர்த்து ஒரு டீஸ்பூன். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மிக்சர் இந்த நான்கும் அந்தக் கணக்கைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிடும். கருவாட்டை வாரம் ஒருநாளாக்கி, நன்றாக ஊறவைத்துக் கழுவிச் சமையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் திடீரென்று சோற்றைப் பாதியாக்கினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். குறைக்கும் முன் மருத்துவரிடம் சொல்லி மாத்திரை அளவைச் சரிபாருங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் 'சோடியம் குறைந்த உப்பு' பக்கம் தானாகப் போகக் கூடாது. அதில் பொட்டாசியம் இருக்கும்.

ஐந்தாவது: கால்

வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை. வேகம் என்றால், பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வயல் வேலை கடுமையாக இருக்கும் நாளில் இது தனியாகத் தேவையில்லை. கிராமத்து உழைப்பு பருவத்துக்குப் பருவம் மாறுவது என்பதால் நடையும் அதற்கேற்ப மாற வேண்டும். எங்கள் பக்கம் அறுவடை முடிந்தபின் வைகாசி வரை ஆண்களுக்குப் பெரிதாக வேலை இருக்காது. டீக்கடை பெஞ்சு, மதியத் தூக்கம், திருவிழாச் சாப்பாடு. வயிறு ஏறுவது இந்த மாதங்களில்தான். நடையைத் தொடங்க வேண்டியதும் அப்போதே.

சாப்பிட்டதும் படுக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் தெருவில் நடந்தால், சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறையும். பெரியப்பா முதலில் மாட்டுக்கொட்டில் வரை போய்வந்தார். இப்போது இரவில் குளத்தை ஒரு சுற்று. இதோடு வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை வேண்டும். ஜிம் வேண்டாம். நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து தடவை உட்கார்ந்து எழுந்தால் தொடை சொல்லும் அது வேலைதான் என்று.

பெண்களுக்கு வேறு சங்கடம். தனியாக நடந்தால் "எங்கே கிளம்பிட்டே" என்று நாலு பேர் கேட்பார்கள். சுய உதவிக் குழுவில் ஐந்தாறு பேர் சேர்ந்து நடந்தால் அந்தக் கேள்வி அடங்கிவிடும். கூட்டாகச் செய்வதற்கு அனுபவ ஆதாரமும் உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1,007 பேரை வைத்து, ஊர்க்காரர்களே நடத்தும் குழுக்களாகப் பழக்கத்தை மாற்றிப் பார்த்தார்கள். இரண்டு வருடத்தில் சர்க்கரை நோய் குறைந்தது என்று உறுதியாகச் சொல்லும் அளவு வித்தியாசம் கிடைக்கவில்லை. ஆனால் மது குறைந்தது, காயும் பழமும் கூடின.

எடை குறையவில்லையே என்று சலித்து விட்டுவிடுபவர்கள் சென்னை மருத்துவர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வைத் தெரிந்துகொள்ள வேண்டும். முந்தைய நிலையில் இருந்த 531 பேரில், உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்கு மூன்று வருடத்தில் சர்க்கரை நோய் வரும் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. அவர்கள் எடையோ பெரிதாகக் குறையவேயில்லை.

ஆறாவது: பீடி, வெற்றிலை, குவார்ட்டர்

பீடி சிகரெட்டைவிட லேசு என்பது பொய். வெற்றிலையோடு போடும் புகையிலையும், உதட்டுக்குள் அடக்கும் பொட்டலமும் அழுத்தத்தை ஏற்றும். புகையிலை இல்லாமல் வெறும் பாக்கு என்றாலும் தப்பவில்லை. தைவானில் செய்த ஆய்வுகள் பாக்கு மெல்லுவதை இதே கோளாறோடு தொடர்புபடுத்தியிருக்கின்றன. ஒரே நாளில் விட முடியாதவர், முதலில் எழுந்ததும் போடும் முதல் வெற்றிலையைப் பத்து மணிக்குத் தள்ளட்டும். அதைத் தாண்டினால் மற்றவை தளரும்.

ஒரு குவார்ட்டரில் சுமார் 60 கிராம் ஆல்கஹால், 400 கலோரிக்கு மேல். தொட்டுக்கொள்ளும் சிக்கனும் மிக்சரும் தனி. டிரைகிளிசரைடு 300, 400 என்று வரும் ஆண்களிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு வரலாம். மருத்துவரிடம் சொல்லி நிறுத்துங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

தூக்கமும் இதில் சேரும். ராத்திரி மோட்டார் போட எழுந்து போகிறவர் பகலில் அதை ஈடுகட்டட்டும். பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுபவரை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாத்திரை வந்தால்

மூன்று மாதம் முயன்றும் பி.பி. 140/90க்கு மேல் நின்றால், அல்லது சர்க்கரை நோய் உறுதியானால், மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள். மேல் எண் 180 என்று காட்டினால் மூன்று மாதமெல்லாம் இல்லை, அன்றே மருத்துவமனை. நெஞ்சு அழுத்தம், வியர்வை, ஒரு பக்கம் கை கால் தளர்ச்சி, வாய் கோணல் என்றால் 108. வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துக் காத்திருந்து போன உயிர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பி.பி. மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வரும் தன்னார்வலரை வாசலிலேயே அனுப்பிவிடாமல் உட்கார வைத்து அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். "நார்மலாயிடுச்சு" என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நார்மலாக வைத்திருப்பதே மாத்திரைதான். நாட்டு மருந்து சாப்பிட விருப்பமென்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.

மறுபடி அளப்பது

இடுப்பை மாதம் ஒருமுறை, அதே ஆள், அதே டேப், காலையில் சாப்பிடும் முன். தினமும் அளந்தால் மனசு விட்டுப்போகும். மூன்று மாதத்தில் ரத்தம் மறுபடி. ஐந்தில் எத்தனை எல்லைக்குள் வந்தன என்று எழுதுங்கள். சாதாரணமாக டிரைகிளிசரைடு முதலில் இறங்கும், எச்.டி.எல். கடைசியில்தான் அசையும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம். எல்லாம் சரியாக வந்தாலும் வருடம் ஒருமுறை பாருங்கள்.

பெரியப்பாவின் எண்களை நாள்காட்டியின் பின்பக்கம் பெரியம்மா எழுதுகிறார். தொடங்கியபோது இடுப்பு 98, வெறும் வயிற்றுச் சர்க்கரை 114, டிரைகிளிசரைடு 236. ஆறு மாதம் கழித்து 94, 103, 168. மூன்றுமே இன்னும் எல்லைக்கு வெளியேதான். டேப் ஆணியில் தொங்குகிறது. அடுத்த அளவு ஐப்பசி முதல் தேதி. அன்றைக்குப் பெரியம்மாவும் தன் இடுப்பை அளக்க ஒத்துக்கொண்டிருக்கிறார்.